பழைய மோட்டார் சைக்கிளும் காபரேட்டர் கோளாறும்: கராஜுக்குப் போகுமுன் நாமே பார்க்கக் கூடியவை

கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காயத் தோட்டங்களிலும், பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலைப் பகுதிக் குடியிருப்புகளிலும் இன்று ஓடுகின்ற சிறிய மோட்டார் சைக்கிள்களுள் பல, அவற்றை ஓட்டுகின்ற இளைஞர்களைவிட வயதில் மூத்தவை. ஹொண்டா சீ.டி. 50, எம்.டி. 90, கப், சாலி என்று பெயர்கள் வேறுபடலாம். ஆனால் அவை செய்கின்ற வேலை ஒன்றுதான். தோட்டத்துக்கு உர மூடை ஏற்றுவதும், விடியற்காலையில் மரக்கறி மூடையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவோடிரவாக வைத்தியசாலைக்கு ஓடுவதும் அந்த ஒரே வண்டிதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து, இன்றும் இங்கேயே வாழ்கின்ற குடும்பங்களுக்கு இன்னுமொரு தேவையும் உண்டு. மன்னாரிலுள்ள சொந்தக் காணியைப் பார்த்து வரவும், வேலி அடைக்கவும், பத்திர வேலைகளுக்காகக் கச்சேரிக்குப் போகவும் அநுராதபுரம், மதவாச்சி வழியாக நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருக்கின்றது.

இப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய கூலி போகின்றது. மூன்று நாள் நின்றால் பறித்த மரக்கறி வாடுகின்றது. புதிய வண்டி வாங்குவதும் எளிதல்ல. வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் புதிய வண்டி ஏழை விவசாயியின் கைக்கு எட்டும் பொருளாகவில்லை. எனவே இருக்கின்ற பழைய வண்டியை நன்றாக வைத்திருப்பதும் ஒரு சேமிப்பே.

இந்த இதழில் காபரேட்டர், அக்ஸிலேட்டர் ஆகிய இரண்டும் சம்பந்தமான கோளாறுகளை எடுத்துக்கொள்கின்றோம். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். வண்டி இழுக்கவில்லை என்றதும் எல்லோரும் காபரேட்டரைக் குற்றஞ்சாட்டுகின்றோம். ஆனால் சோதனை வரிசையில் காபரேட்டர் கடைசியாக வரவேண்டியது. பெற்றோல் தாங்கியில் தொடங்கி, எரிபொருள் வரும் வழியே படிப்படியாகப் பார்த்து வந்தால், பெரும்பாலான கோளாறுகள் காபரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னரே அகப்பட்டுவிடும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகரத்துக் கராஜ் ஒன்றில் சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்துப் புதிய காபரேட்டர் வாங்கிப் பூட்டியது. வண்டி பத்து நிமிடம் ஓடியதும் முன்போலவே நின்றது. தாங்கி மூடியிலுள்ள சிறிய காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருந்ததே காரணம். குண்டூசி ஒன்றினால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது.

காபரேட்டர் என்ன செய்கின்றது?

பெற்றோல் திரவமாக இருக்கும்போது இயந்திரத்துக்குள் ஒழுங்காக எரியாது. அது நுண்ணிய துளிகளாகச் சிதறிக் காற்றுடன் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவை. இந்தக் கலவையைச் செய்து கொடுப்பதே காபரேட்டரின் வேலை.

இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது, அக்காற்று காபரேட்டரின் ஒடுங்கிய கழுத்துவழியே வேகமாகப் பாய்கின்றது. வேகம் கூடிய இடத்தில் அமுக்கம் குறைகின்றது. அந்தக் குறைந்த அமுக்கம் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோலை மேலே இழுக்கின்றது. கிண்ணத்தில் பெற்றோல் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு மிதவை பார்த்துக்கொள்கின்றது. மட்டம் ஏறினால் மிதவை உயர்ந்து சிறிய ஊசி வால்வை மூடும். மட்டம் இறங்கினால் வால்வு திறக்கும்.

பெற்றோல் மேலே வருகின்ற வழிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, சிறிய ஜெட். கைபிடியைத் திருப்பாமல் வண்டி நின்றபடி ஓடும்போதும் (இதனையே மெக்கானிக்மார் ‘ஸ்லோ’ என்கின்றனர்), கால்வாசி திருப்பும் வரையும் பெரும்பாலும் இதன்வழியே பெற்றோல் வரும்.

இரண்டாவது, ஊசி. கைபிடியைத் திருப்பும்போது வயர் ஓர் உருளையை மேலே தூக்குகின்றது. அந்த உருளையின் அடியில் கூம்பு வடிவான ஊசி ஒன்று தொங்குகின்றது. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை கலவையை நிர்ணயிப்பது இந்த ஊசியே.

மூன்றாவது, பெரிய ஜெட். முக்கால்வாசிக்கு மேல் முழுவதும் திருப்பும்போது இதன் அளவே கணக்கு.

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கைபிடியில் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டி, கால், அரை, முக்கால் எனக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எந்தக் கோட்டில் திணறுகின்றது என்று ஓட்டிப் பாருங்கள். ஸ்லோவில் மட்டும் நிற்கின்றது என்றால் சிறிய ஜெட் பக்கம் பாருங்கள். ஸ்லோ நன்றாக இருந்து, மூடையுடன் முழுவதும் திருப்பும்போது மாத்திரம் இழுக்கவில்லை என்றால் பெரிய ஜெட்டையோ, பெற்றோல் போதியளவு வந்து சேராமையையோ சந்தேகிக்கலாம்.

சோக் இன்னொரு நல்ல சோதனைக் கருவி. வண்டி சூடான பின்னரும் சோக்கைச் சற்று இழுத்தால் நன்றாக ஓடுகின்றது என்றால் கலவையில் பெற்றோல் குறைவு. அடைப்பு, அல்லது எங்கோ வெளிக்காற்று புகுதல் காரணமாகலாம். சோக்கை இழுத்ததும் மோசமாகின்றது, கறுப்புப் புகை வருகின்றது என்றால் பெற்றோல் ஏற்கெனவே கூடுதல். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது மிதவை வால்வு மூடாமல் இருக்கலாம்.

முதலில் தீயைப் பற்றி

எந்த வேலைக்கும் முன் இதை வாசியுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு ஊர்ந்து சென்று தூரத்திலுள்ள அடுப்பிலும் பற்றும். ஆகையால் வேலையைப் பகலில், வெளியில், இயந்திரம் ஆறிய பின்னரே செய்ய வேண்டும். குப்பி விளக்கு, பீடி, சிகரெட், சமையல் அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பெற்றோல் தீயை நீர் ஊற்றி அணைக்க முடியாது. நீரின் மேல் மிதந்து தீ பரவும். ஒரு வாளி மணலை அருகில் வையுங்கள். எமது மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை.

படி 1: தாங்கியும் பெற்றோலும்

தாங்கி மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. பெற்றோல் இறங்க இறங்க அதன்வழியே காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. வண்டி சிறிது நேரம் ஓடி நின்று, கொஞ்ச நேரத்தின்பின் மீண்டும் இயங்கும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே இயங்கினால் கோளாறு அகப்பட்டுவிட்டது.

அடுத்து, குழாயைக் காபரேட்டர் பக்கம் கழற்றி, டப்பைத் திறந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் சிறிது பெற்றோல் பிடியுங்கள். தாரை தடையின்றி வர வேண்டும். துளித்துளியாக வந்தால் டப்பிலுள்ள வலை அடைபட்டிருக்கின்றது. கப் வகை வண்டிகள் சிலவற்றில் டப்பு காபரேட்டருடனேயே சேர்ந்து, அடியில் சிறு கிண்ணம் ஒன்றுடன் இருக்கும். அக்கிண்ணத்தைக் கழற்றி வலையையும் கழுவுங்கள்.

பிடித்த பெற்றோலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்பது நீர். செந்நிறத் தூள் துரு. கடற்கரையில் இவை இரண்டும் சாதாரணம். பாதித் தாங்கிப் பெற்றோலுடன் வண்டி நிற்கும்போது, இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் தாங்கியின் உட்சுவரில் வியர்த்து இறங்குகின்றது. பெற்றோல் மட்டத்துக்கு மேலேயுள்ள இரும்பு துருப்பிடிக்கின்றது. அந்த நீர் காபரேட்டர் கிண்ணத்தில் தங்கினால் உலோகம் வெள்ளைத் தூளாக அரிக்கப்பட்டு ஜெட்டை அடைக்கும். தாங்கி முழுவதும் துருவாக இருந்தால் காபரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. முதலில் தாங்கியைக் கழற்றி அலசி, பின்னர் குழாயில் ஒரு சிறு வடிகட்டியைப் பொருத்த வேண்டும்.

பழைய பெற்றோலும் ஒரு காரணம். 2022இல் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டு, கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில், பலர் பெற்றோலைப் போத்தல்களிலும் கேன்களிலும் சேர்த்து வைத்தனர். மாதக்கணக்கில் வைத்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது ஜெட்டுகளில் பசைபோல் ஒட்டும். வழமையான மணம் மாறி, வார்னிஷ் மணம் வந்தால் அது வண்டிக்கு உதவாது. வீட்டுக்குள் பெற்றோல் வைப்பது எந்தக் காலத்திலும் ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 2: காற்று வடிகட்டி

மணற் பாதையில் ஓடும் வண்டிக்கு இது மூக்குப் போன்றது. அடைபட்டால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும். புகை வரும், இழுவை குறையும், பிளக் கறுக்கும்.

பஞ்சு வகை வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து காயவிட்டு, சில துளி எஞ்சின் ஒயில் இட்டு மீண்டும் பிழிந்து பூட்டலாம். முறுக்கக் கூடாது, கிழிந்துவிடும். கடதாசி வகையை நீரிலோ எண்ணெயிலோ கழுவக் கூடாது. தட்டித் தூசியை உதறலாம். கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும்.

வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்று சொல்பவர் உண்டு. கற்பிட்டி மணல் சிலிண்டருக்குள் போனால் அரத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். சில மாதங்களில் வெள்ளைப் புகை கக்கி ஒயில் குடிக்கத் தொடங்கும். வடிகட்டியில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு அப்போது செலவாகும்.

படி 3: அக்ஸிலேட்டர் வயர்

இந்தப் படியை நாம் தனியாக வலியுறுத்துகின்றோம். மற்றக் கோளாறுகள் வண்டியை நிறுத்தும். இந்தக் கோளாறு வண்டியை நிற்க விடாது; ஆளையே கொல்லக் கூடும்.

உப்புக் காற்றில் வயரின் இழைகள் துருப்பிடிக்கின்றன. ஓர் இழை அறுந்தால் அது உறைக்குள் சுருண்டு, கைபிடியைத் திருப்பியபின் திரும்பி வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பின்வரும் சோதனைகளை மாதம் ஒரு முறையாவது செய்யுங்கள்.

இயந்திரத்தை நிறுத்திய நிலையில் கைபிடியை முழுவதும் திருப்பி விடுங்கள். அது தானாகவே ‘டக்’ என்று திரும்பி வர வேண்டும். ஹாண்டிலை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் திருப்பி வைத்தும் அவ்வாறே பாருங்கள்.

கைபிடியை மெதுவாகத் திருப்பும்போது, வயர் இழுபடுவதற்கு முன் கைபிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லையென்றால் வயர் இறுக்கம். கூடுதலாக இருந்தால் முழுத் திறப்புக் கிடைக்காது. வயரின் நுனியிலுள்ள சீர்செய்யும் நட்டினால் திருத்தலாம்.

இயந்திரம் ஸ்லோவில் ஓடும்போது ஹாண்டிலை இருபக்கமும் திருப்புங்கள். எந்தப் பக்கத்திலாவது வேகம் கூடினால் வயர் இறுக்கமாக அல்லது பிழையான வழியில் போகின்றது. திருத்தாமல் வீதிக்கு ஏற வேண்டாம்.

வயர் கனமாக இருந்தால் கைபிடிப் பக்கம் கழற்றி, மேல் நுனியில் கடதாசியால் சிறு புனல் செய்து, மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். இழை அறுந்த வயருக்கு எண்ணெய் மருந்தல்ல, மாற்றவே வேண்டும். காபரேட்டருடன் ஒப்பிட்டால் வயரின் விலை மிகச் சிறிது.

ஓடும்போது கைபிடி திரும்பி வராமல் சிக்கிவிட்டால் என்ன செய்வது? கிளச் நெம்பு உள்ள வண்டியானால் உடனே கிளச்சைப் பிடியுங்கள். கப், சாலி போன்ற வண்டிகளில் கிளச் நெம்பு இல்லை. அவற்றில் திறப்பைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்துவதே முதல் வேலை. இரு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்து, வீதி ஓரமாக இறங்குங்கள். இதை வீட்டிலுள்ள ஒவ்வொரு ஓட்டுநரும், தாய்மாரும் பிள்ளைகளும் உட்பட, நின்ற வண்டியில் பழகி வைத்திருக்க வேண்டும்.

படி 4: பிளக்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது உள்ளே நடப்பதைச் சொல்லும். இளங் கபில நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெள்ளையாக வெளிறியிருந்தால் பெற்றோல் குறைவு. இந்நிலையில் நெடுந்தூரம் ஓடினால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். பெற்றோலில் நனைந்திருந்தால் வெள்ளம் போட்டிருக்கின்றது, அல்லது பொறி வரவில்லை. பொறி வராத வண்டிக்குக் காபரேட்டரைக் கழுவிப் பயனில்லை.

படி 5: வெளிக்காற்று புகும் இடம்

காபரேட்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இணைப்பில் இறப்பர் வளையம் ஒன்று உண்டு. அது காய்ந்து வெடித்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கைபிடியை விட்டபின்னும் இயந்திரம் உடனே வேகம் குறையாமல் கத்தும். ஸ்லோ ஒரு நிலையில் நிற்காது. சவர்க்கார நீரை இணைப்பைச் சுற்றிச் சிறிது பூசுங்கள். இயந்திரத்தின் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. இந்தச் சோதனைக்குப் பெற்றோலைத் தெளிப்பவர்கள் உண்டு. அதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

புதிய வளையத்தைப் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பலமாக இறுக்கினால் காபரேட்டரின் முகம் வளைந்து, பின் எந்த வளையமும் நிற்காது.

படி 6: இனிக் காபரேட்டர்

இவ்வளவும் பார்த்த பின்னரும் கோளாறு தீராவிட்டால் காபரேட்டரைக் கழற்றலாம். அதற்கு முன்னரும் ஒரு சிறு வேலை உண்டு. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகாற் திருகாணியைத் தளர்த்தி, உள்ளே உள்ள பெற்றோலை ஒரு தகரத்தில் வடியுங்கள். நீரும் தூசியும் அதனோடு வந்துவிட்டால் அத்துடனேயே வண்டி சரியாகிவிடுவதும் உண்டு.

கழற்றுவதானால் டப்பை மூடி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே துண்டுகளை வரிசையாக வையுங்கள். கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் சிறு ஊசியை மெதுவாகத் தள்ளி எடுங்கள். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் அசைந்தால் ஓட்டை. அதுவே வழிவதற்குக் காரணம். ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் அதை மாற்றுங்கள்.

ஜெட்டுகளைச் சரியான அளவான ஸ்குறூ டிறைவரால் கழற்றுங்கள். சிறியதால் திருகினால் பித்தளைத் தலை சிதைந்துவிடும். சூரிய வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையைப் பாருங்கள். வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். சுத்தமான பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடியுங்கள். கம்பி, தையல் ஊசி, பிளக் துலக்கும் இரும்புத் தூரிகை எதையும் துளைக்குள் விடக் கூடாது. பித்தளை மெதுமையானது, துளை மயிரிழை அகன்றாலும் கலவைக் கணக்குப் பிழைத்துவிடும். மிக மெல்லிய தங்கூசி துண்டு இதற்குப் போதும். அது மீன்பிடிக்கும் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

பக்கத்திலுள்ள காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று உள்ளே போகின்றது என எண்ணி எழுதி வையுங்கள். பூட்டும்போது அதே சுற்றுக்கு வெளியே எடுக்க வேண்டும். பல சிறிய வண்டிகளில் அது ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றாக இருக்கும். அடியில் முட்டியபின் பலமாக இறுக்கினால் கூரிய நுனி கெட்டுவிடும்.

உருளையை மீண்டும் போடும்போது மிகக் கவனம் தேவை. அதன் ஒரு பக்கத்தில் நீளமான வெட்டு உண்டு. அது உள்ளேயுள்ள சிறு முளையில் சரியாகப் பொருந்த வேண்டும். அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பக்கம் காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும். பிழையாகப் போட்டுப் பலவந்தமாக இறுக்கினால், உதைத்ததும் இயந்திரம் உச்ச வேகத்தில் கத்தத் தொடங்கும். எனவே உதைக்குமுன் கைபிடியைத் திருப்பி விட்டு, ‘டக்’ சத்தம் கேட்கின்றதா என்று மீண்டும் பாருங்கள்.

இறுதியாக ஸ்லோ சீர்செய்தல். வண்டியை ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். உருளையைத் தாங்குகின்ற திருகாணியால் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். காற்றுத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, இயந்திரம் மிகச் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னர் முதற் திருகாணியால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரேயடியாகத் திருகினால் எது பிழை, எது சரி என்று எவருக்கும் தெரியாது.

பெற்றோல் வழிந்தால்

காபரேட்டரிலிருந்து பெற்றோல் வழிவதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். டப்பை மூடி, ஸ்குறூ டிறைவரின் மரப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டுங்கள். வால்வில் சிக்கிய தூசி விலகக் கூடும். வழிந்த வண்டியின் எஞ்சின் ஒயிலையும் பாருங்கள். மட்டம் ஏறி, பெற்றோல் மணம் வந்தால் பெற்றோல் ஒயிலுடன் கலந்திருக்கின்றது. அந்த ஒயிலுடன் ஓட்டினால் உள் உறுப்புகள் தேய்ந்துவிடும். உடனே மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டலாமா?

இக்கேள்வி எமது மக்களிடையே அடிக்கடி எழுகின்றது. அதற்கு நியாயமும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலைக் காற்று வழியில் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தை இயக்கியவர்களுக்கு இது புதிதல்ல. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்குத் திருப்புவதை அவர்கள் தினமும் செய்தவர்கள்.

ஆனால் அந்த நீர் இயந்திரம் மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த அமுக்கத்துடன் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. மண்ணெண்ணெய் மெதுவாகவே ஆவியாகும். எரியாத பகுதி சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக் கரி பிடிக்கும். பாரத்துடன் இழுக்கும்போது இயந்திரம் உள்ளே ‘கிணுகிணு’ என்று தட்டும். அன்று வேறு வழியில்லாத மக்கள் தம் மதிநுட்பத்தால் உயிர் காத்துக்கொண்டனர். அதை நாம் மதிக்கின்றோம். இன்று இலாபம் கருதிக் கலப்பது நட்டத்திலேயே முடியும். மேலும், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபின் முன்பிருந்த பெரிய விலை வித்தியாசமும் இல்லாமற் போயிற்று.

புதிய காபரேட்டர் எப்போது தேவை?

உருளை தேய்ந்து கழுத்துக்குள் ஆடினால், உடல் உப்பினால் அரித்து ஓட்டை விழுந்தால், திருகாணிப் புரிகள் அழிந்தால் மாற்ற வேண்டியதுதான். மலிவான மாற்றுக் காபரேட்டர்களில் ஜெட் அளவு உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். பழைய ஜெட்டில் பொறித்துள்ள இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். பழைய காபரேட்டரைக் கராஜிலே விட்டு வராமல் கேட்டு வாங்கி வாருங்கள். அதன் ஜெட்டும் ஊசியும் பின்னர் உதவும். ஹொண்டா கப் வகை 1958இல் யப்பானில் தொடங்கி 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டிய வகை. ஆகவே அதற்குரிய சிறு உதிரிப் பாகங்கள் உலகம் முழுவதும் செய்யப்படுகின்றன. சிறு பாகத்தை மாற்றினால் தீருவதற்கு முழுவதையும் வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒட்டி வைக்க ஒரு சுருக்கம்

பத்து நிமிடம் ஓடி நிற்கின்றது: தாங்கி மூடித் துளை, டப்பு வலை.
காலையில் உதைத்தால் பற்றவில்லை: பிளக், பழைய பெற்றோல், சோக்.
ஸ்லோவில் நிற்கவில்லை: சிறிய ஜெட், காற்றுத் திருகாணி, வெளிக்காற்று.
மூடையுடன் இழுக்கவில்லை: காற்று வடிகட்டி, பெற்றோல் தாரை, பெரிய ஜெட்.
கைபிடியை விட்டும் வேகம் குறையவில்லை: ஓட்ட வேண்டாம். வயர், உருளை, இணைப்பு வளையம்.
கறுப்புப் புகை: காற்று வடிகட்டி, சோக் திறக்காமை, மிதவை.
பெற்றோல் வழிகின்றது: மிதவை, ஊசி வால்வு, ஒயிலையும் பாருங்கள்.

வருமுன் காத்தல்

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகின்றது என்றால் டப்பை மூடி, கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிடுங்கள். கடற்கரையிலோ உப்பளத்திலோ ஓடி வந்தால் நன்னீரில் கழுவித் துடையுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் நீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வண்டிக்கு ஓலைக் கொட்டிலாவது நிழல் கொடுங்கள்.

இவ்வேலைக்குத் தேவையான கருவிகள் சில மட்டுமே: 10, 12, 14 மில்லிமீற்றர் சாவிகள், பிளக் சாவி, இரண்டு மூன்று அளவான ஸ்குறூ டிறைவர்கள், சைக்கிள் பம்பு, கண்ணாடிப் போத்தல், தூரிகை, துணி. ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. பத்து வீடுகள் சேர்ந்து சங்கத்தின் பெயரில் ஒரு பெட்டி வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைக்கலாம். அத்துடன் ஒரு கொப்பியும் இருக்கட்டும். எந்த வண்டிக்கு என்ன கோளாறு வந்தது, எதை மாற்றியபோது தீர்ந்தது, காற்றுத் திருகாணி எத்தனை சுற்று, ஜெட் இலக்கம் என்ன என்று அதில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பி உங்கள் கிராமத்துக்கே உரிய கைநூலாகிவிடும். கை வேலையில் ஆர்வமுள்ள இளைஞர், யுவதிகள் தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களின் பயிற்சிகளிலும் சேரலாம்.

ஊரையும் காணியையும் விட்டு வந்த நாட்களில் நம்மில் பலர் கையோடு கொண்டுவர முடிந்தது தொழிலறிவை மட்டுமே. அதைப் பெருக்கி அடுத்தவருடன் பகிர்வது நம் ஒவ்வொருவரதும் கடமை. வருகின்ற ஞாயிறோ வெள்ளியோ ஓய்வு கிடைக்கும் பொழுதில், அயல் வீட்டாரையும் அழைத்து, முதலாம் படியையும் மூன்றாம் படியையும் மட்டுமாவது செய்து பாருங்கள். தாங்கி மூடியைத் திறந்து பார்க்கவும், கைபிடி ‘டக்’ என்று திரும்புகின்றதா என்று பார்க்கவும் ஒரு சதமும் செலவாகாது.